தலைக்கு மேலே சத்தம்

“கூரையில பதிக்கிறதெல்லாம் வேண்டாம். சுவர்லயே மாட்டுங்க. உச்சியில, முகம் கீழ பார்த்த மாதிரி!”

கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்டது. மன்னிப்புக் கேட்க இறங்கி வந்த மேல்வீட்டு நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

குடிவந்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் என்ன மன்னிப்பு என்றால், எல்லாம் அவள் மகனால். செல்லப்பெயர் ராக்கெட். ஆறு வயது. காலில் ஆபரேஷன் முடிந்து, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸோடு தினம் ஒரு மணி நேரம் நடந்தே ஆக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அவன் நடந்தால் கீழே இருப்பவர்கள் தலையில் சுத்தியல் அடிக்கிற மாதிரி இருக்கும். இந்தச் சத்தத்துக்காகவே இரண்டு வீடு காலி பண்ணியாகிவிட்டது. தரைத்தளத்தில் வீடு தேடி அலைந்ததுதான் மிச்சம்.

திட்டு வாங்கி வாங்கிப் பையன் பயந்துபோயிருந்தான். ஓரடி வைப்பான், “கீழ கேட்டிருக்குமாம்மா?” என்பான், உட்கார்ந்துவிடுவான். இப்படியே உட்கார்ந்தால் கால் தேறாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

உள்ளே ஏணியில் ஸ்பீக்கர் கடைக்காரர். கீழே வாத்தியார், வகுப்பில் போர்டில் வைத்து வரைகிற பெரிய கோணமானியைச் சுவரில் அழுத்திப் பிடித்திருந்தார். ரிடையர் ஆனாலும் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை.

“சார், தரையில வச்சா கூரையில பட்டுத் தெறிச்சு இறங்குற மாடல் ஒண்ணு இருக்கு. ஓட்டையே போட வேண்டாம். விலையும் கம்மி.”

“கூரைப் பக்கம் ஒரு பொட்டுச் சத்தம் போகக் கூடாதுங்க. அவ்வளவும் கீழ, எனக்கே வரணும்.”

சத்தத்தில்கூடவா கஞ்சத்தனம் என்று நர்ஸுக்குத் தோன்றியது.

“இதுல சின்னதா, பெருசா சார்?”

“ஹெலிகாப்டர் பறந்தா எது நல்லாயிருக்கும்?”

“பெருசுதான்.”

“அப்ப பெருசே ரெண்டு. சாய்வு நாப்பத்தஞ்சு டிகிரி. இருங்க, நாற்காலியில உட்கார்றேன். என் காதுலேர்ந்து அளந்துக்குங்க.”

“அளக்கிறதுக்குக் காது இருக்கு, ஹெலிகாப்டருக்குக் காது இருக்கு. நான் ஒண்ணு சொன்னா மட்டும் இருக்காது” என்று சமையலறையிலிருந்து வாத்தியாரின் மனைவி குரல் கொடுத்தாள்.

நர்ஸ் தொண்டையைக் கனைத்தாள். “சார், நான் மேல்வீடு. பையன் நடக்கிறப்போ கொஞ்சம் சத்தம்...”

“அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்கம்மா” என்று வெட்டினார் வாத்தியார். “சாயந்தரம் அஞ்சுலேர்ந்து ஆறு நான் படம் பார்க்கிற நேரம். இடி, மழை எல்லாம் தலைக்கு மேலேயே ஓடும். அந்நேரம் நீங்க மேல சுவரை இடிச்சாலும் எனக்குக் கேக்காது. ஒண்ணே ஒண்ணு, யாரும் வந்து கதவைத் தட்டக் கூடாது.”

பையனுக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை மனுஷன். நர்ஸுக்குச் சுருக்கென்றது. ஆனால் படியேறி முடிப்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. அவர் சுயநலம் நமக்கு லாபம்!

மறுநாளே ஐந்து மணிக்கு ஆரம்பித்தாள். “தைரியமா நட ராக்கெட். கீழ படம் ஓடுது. உன் சத்தம் யாருக்கும் கேக்காது.”

“நிஜமாவா?”

“சத்தியமா.”

டொக். டொக். நிற்காமல் ஒன்பது அடி. அடுத்த வாரம் முப்பது. ஒரு மாதத்தில் பையன், “அஞ்சு, நாலு, மூணு...” என்று கத்திக்கொண்டே சமையலறையிலிருந்து கிளம்ப ஆரம்பித்துவிட்டான்.

“கீழ்வீட்டு ஆளு சரியான சினிமாப் பைத்தியம். வீடே இடிஞ்சு விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாரு” என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள் நர்ஸ்.

அன்றைக்கு மழை பெய்து விட்டிருந்தது. ஃபேன்கூடத் தேவைப்படாத குளிர். நர்ஸ் யூனிஃபார்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். ராக்கெட் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஐந்தரை மணிக்கு அயர்ன் பாக்ஸின் சிவப்பு விளக்கு அணைந்தது. லைட் சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள், எரியவில்லை.

கரண்ட் போய்விட்டது!

கீழே ஸ்பீக்கரும் நின்றிருக்குமே! அத்தனை டொக்கும் நேராக வாத்தியார் தலையில் அல்லவா விழும்!

“நில்லுடா! அப்படியே நில்லு!”

அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டக் கூடாது என்றது நினைவு வந்து, மெல்லத் தள்ளினாள்.

வாத்தியார் நாற்காலியில் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சுவர்க் காலண்டர் பக்கத்தில் பென்சிலும் கையுமாக நின்றிருந்தாள். காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே ஒரு எண். ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து...

நர்ஸ் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. “மன்னிச்சுக்குங்க சார். திடீர்னு கரண்ட் போயிடுச்சா, உங்க ஸ்பீக்கர் நின்னு, பையன் சத்தம் உங்களுக்கு...”

“கரண்ட் போயிடுச்சா?” வாத்தியார் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். “எப்போ?”

“எனக்கென்ன தெரியும், நானும் உங்களோடதானே எண்ணிக்கிட்டிருக்கேன்” என்றாள் அவள்.

“அது கெடக்கட்டும்” என்று வாத்தியார் நர்ஸ் பக்கம் திரும்பினார். “ஏம்மா, தொண்ணூத்தொம்பதுல கொண்டு போயா நிறுத்துவே? ஓடு, ஓடு. நூறாவது அடிக்கு இங்க ரெண்டு பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்!”