எதிர்த்து ஒரு கை

"இந்த ஆளை நீக்கினாத்தான் நம்ம கட்சி உருப்படும், தோழர்களே!"

செயலாளர் மேசையைத் தட்டினார். தண்ணீர் டம்ளர் குதித்தது.

நீக்கப்பட வேண்டியவர் கடைசி நாற்காலியில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் பல் டாக்டர். ஜனநாயக சோஷலிசக் கட்சிக்கு 'முட்டுக்கட்டை'.

செயலாளர் கட்சியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். பிளவுபடுவதில் அமீபாவையே தோற்கடித்த கட்சி அது. இருந்தும் கடைசி அத்தியாயத்துக்கு 'ஒற்றுமை' என்று தலைப்பு வைத்துவிட்டார். முட்டுக்கட்டை உள்ளே இருக்கும்வரை அதை எப்படி எழுதுவது?

"சலவைத் தொழிலாளர் சம்பள உயர்வு, எதிர்த்தது யாரு? இவர். பஸ் டிரைவர்களுக்கு ஓய்வறை? இவர்தான். பேக்கரிப் பெண்களுக்குக் குழந்தைகள் காப்பகம், அதுக்கும் இவர் எதிர்ப்பு! பச்சைக் குழந்தைங்க மேல என்னய்யா கோபம்?"

"பல்லே முளைக்காததுங்க. அதுங்களால எனக்கு என்ன பிரயோஜனம்?" என்றார் டாக்டர்.

யாரோ சிரித்துவிட்டார்கள். செயலாளர் முறைத்தார்.

"பேசினது போதும், ஓட்டுக்கு விடுவோம்" என்றார் தலைவி. ரிட்டையரான ஹெட் நர்ஸ். ஊசி போடப்போகிற குரல். "நீக்கணும்கறவங்க?"

எல்லாக் கைகளும் எழுந்தன. டாக்டரின் கையும்.

"உங்களை நீக்க நீங்களேவா?" என்றார் செயலாளர்.

"கட்சி உருப்படும்னீங்களே."

"எதிர்க்கறவங்க?" என்றார் தலைவி.

மின்விசிறி மட்டும் தலையை ஆட்டியது.

"ஒருமனதா நிறைவேறிடுச்சு!" செயலாளர் துள்ளினார்.

"நிறைவேறலை" என்றார் தலைவி. "எதிர்த்து ஒரு கையாவது இல்லாத தீர்மானம் செல்லாது. சர்வாதிகாரம் தலைதூக்கக் கூடாதுன்னு கட்சியை ஆரம்பிச்சவங்க வெச்ச முதல் விதி. வரலாறு எழுதறவர் அதைப் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

செயலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்போ இத்தனை காலமா நாம போட்ட தீர்மானமெல்லாம்..."

"இவர் கையாலதான் செல்லுபடியாச்சு."

"டாக்டர், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா யார் எதிர்க்கறதுன்னு சண்டை வரும். இன்னொரு பிளவை நம்ம கட்சி தாங்காது."

செயலாளரின் குரல் இறங்கியது. "அப்போ அந்தக் காப்பகம்? அது உங்களுக்குச் சம்மதமா?"

"என்னய்யா கேள்வி இது? என் மருமக அந்தப் பேக்கரியிலதான் வேலை பார்க்கறா. நான் எதிர்க்கலேன்னா என் பேரனை யாரு பார்த்துப்பாங்க?"