விட்டுவைத்த எச்சரிக்கை

ஒன்றைத் தவிர எல்லா எச்சரிக்கைகளையும் சரிசெய்துவிட்டான்.

அந்த ஒன்றை வழக்கம்போல் விட்டுவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழ்வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் போல, ஒரே சிரிப்புச் சத்தம்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சின்ன மென்பொருள் அது. எப்போதோ எழுதி, இலவசமாக இணையத்தில் போட்டான். நிரலைச் சரிபார்த்துக் கணினி மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலருக்கு ஆண்டுதோறும் புதிய பதிப்பு ஒன்று வந்துவிடும். பொல்லாத சாமான். போன வருடம் கண்டுகொள்ளாத வரிகளையெல்லாம் இந்த வருடம் பிடித்துக்கொண்டு மஞ்சள் நிறத்தில் புலம்பும். பிழை இல்லை, எச்சரிக்கைதான். நிரல் அதுபாட்டுக்கு ஓடும்.

விட்டுவைத்ததைத் தீர்க்க ஒரு வரி போதும். அவனுக்கா தெரியாது?

தீர்த்துவிட்டால் சிவகௌரி எழுத மாட்டாள்.

வவுனியாவில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறவள். பார்த்ததில்லை, பேசியதில்லை. ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் ஒரு மின்னஞ்சல் வரும். நிரலை இறக்கித் தானே கம்பைலரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த எச்சரிக்கை இந்த முறையும் வருகிறது என்பாள். கடைசியில், ‘சுகமா இருக்கிறியளோ அண்ணை?’ என்று ஒரு வரி.

அதை வேறு யாரும் அவனிடம் கேட்பதில்லை. அலுவலகத்தில் வேலை முடிந்ததா என்று கேட்பார்கள். வீட்டில் கேட்க ஆளில்லை.

வெளியிட்டான்.

மாலையிலேயே மின்னஞ்சல் வந்துவிட்டது.

‘அண்ணை, ஒவ்வொருமுறையும் உங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறன். இந்தமுறை நானே திருத்தி அனுப்பியிருக்கிறன். சேர்த்துவிடுங்கோ.’

கீழே அவள் பெயர்.

இன்னும் கீழே இழுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை.



திருத்தத்தில் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தான். ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. அவன் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

சேர்த்தான். கம்பைலரை ஓட்டினான்.

திரையில் மஞ்சளே இல்லை. நியாயமாகச் சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

நன்றி என்று பதில் எழுதினான். கூட ஏதாவது கேட்கலாம். எந்த உரிமையில் கேட்பது? நன்றியோடு நிறுத்தி அனுப்பினான்.

கீழ்வீட்டு விருந்தாளிகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

வேறொரு கோப்பைத் திறந்தான். மொத்த நிரலிலும் சிக்கலான பகுதி, அவனே கை வைக்கப் பயப்படுகிற இடம். நடுவில் புதிதாக ஒரு மாறியை அறிவித்தான். அதற்கு எங்கும் வேலை கொடுக்கவில்லை.

மறுபடி ஓட்டினான்.

கம்பைலர் கண்டுபிடித்துவிட்டது. திரையில் மறுபடி ஒரு மஞ்சள் வரி.

அவளால் எளிதில் எடுக்க முடியாத இடம்தானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, வெளியிட்டான்.