மேல் வீட்டு ஊஃபர்

டொம். டொம். டொம்.

காலையிலிருந்து இது நாலாவது முறை. மெக்கானிக் கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் போட்டான். ஒட்டடைக் கம்பை எடுத்து சீலிங்கில் ஓங்கி மூன்று இடி இடித்தான்.

சத்தம் நின்றது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, அதே மாதிரி மூன்று முறை, முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தது. மாடிவீட்டு ஆளு நக்கலா பண்றான் என்று பல்லைக் கடித்தான்.

உள் அறையில் அப்பா படுத்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சும் ஒரு பக்கமும் போய் மூன்று வாரம். நல்ல தூக்கம்தான் பாதி மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கடையைப் பூட்டிவிட்டு, ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்களை ஹாலிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் எழுந்து நடந்துவிடுவார் என்று தைரியம் சொல்லி, ஒரு புதுக் கைத்தடியை வாங்கி, அவருடைய நல்ல கை இருக்கும் பக்கமாகக் கட்டிலோரம் சாத்தி வைத்திருந்தான். மாடிச் சத்தம் அவரை எழுப்பக் கூடாதென்று அறைக் கதவையும் இறுக்கிச் சாத்தியாகிவிட்டது.

போன வாரம் மாடிக்காரர் கம்ப்யூட்டரில் படம் போட்டு ஊஃபர் ஸ்பீக்கரை முழுசாகத் திருகியதில், இங்கே அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடியது. அன்றைக்கே மேலே போய், அப்பாவின் உடம்பைச் சொல்லி, கெஞ்சாத குறையாகக் கேட்டுவிட்டு வந்திருந்தான். அதற்குப் பிறகும் இப்படியென்றால் அது திமிர்தான்.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

கதவு திறந்தே இருந்தது. மாடிக்காரர் ஒயர் குவியலுக்கு நடுவே மண்டி போட்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். எதிரே, ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் அனுப்பும் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர். பக்கத்தில் அந்தப் பாழாய்ப்போன ஊஃபரும் அதன் இரண்டு குட்டி ஸ்பீக்கர்களும்.

"அப்பா தூங்கணும்னு சொன்னேனா இல்லையா?"

நிமிர்ந்தவரின் முகமும் கடுகடுவென்றுதான் இருந்தது. கம்ப்யூட்டர் புட்டுக்கொண்டதாம். ஸ்பீக்கரை வீணாக்குவானேன் என்று மச்சான் கொடுத்த ரிசீவரில் மாட்டிப் பார்க்கிறாராம். காலையிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம்கூட வரவில்லையாம்.

"நானே எரிச்சல்ல இருக்கேன். இடிச்சுக்கிட்டே இருக்கிறது நீ. என்னை வந்து கேக்கிற?"

பொய்யிலும் ஒரு அளவு வேண்டாமா. கம்பால் மூன்றே மூன்று இடி இடித்ததற்கு இந்தப் பேச்சா என்று மெக்கானிக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"பேஸ், அதான் இந்த டொம் டொம் சத்தம், எங்கேர்ந்து வருதுன்னு காதால சொல்ல முடியாது சார். சுவரெல்லாம் அதிரும். ஆனா இந்த பில்டிங்ல ஊஃபர் வெச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான். இருபது வருஷமா இதே தொழில் பண்றவன்கிட்டயே கதை விடாதீங்க."

மாடிக்காரரும் விடுவதாக இல்லை. தன் வீட்டில் தான் என்ன செய்தாலும் கேட்பதற்கு இவன் யார் என்றார். வயது, மரியாதை, வளர்ப்பு என்று பேச்சு எங்கெங்கோ போய், கால் மணி நேரத்தைத் தின்றது. எதிர் வீட்டுக்காரர்கூடக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

கடைசியில் மெக்கானிக் அவரை ஒதுக்கிவிட்டு, ஒயரைப் பிடுங்கி எறிந்தே தீருவது என்று ரிசீவரின் பின்பக்கம் குனிந்தான். குனிந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆத்திரத்தில் வரும் சிரிப்பு. ஊஃபரிலிருந்து வந்த சிவப்பு, வெள்ளை பின்கள் இரண்டும், சத்தத்தை வெளியே அனுப்பும் துளைகளில் இல்லை. உள்ளே வாங்கும் துளைகளில் சொருகியிருந்தன.

"உள்ள வாங்குற எடத்துல மாட்டி வெச்சா வெளிய எப்படி சார் சத்தம் வரும்? இப்படி மாட்டினா ஏழு ஜென்மத்துக்கும் இதுலேர்ந்து சத்தமே வராது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. ஒயரைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

இரண்டு பேரின் காலுக்கும் கீழே, தரைக்குள்ளிருந்து அது வந்தது. டொம். கொஞ்சம் விட்டு, இன்னொரு டொம். மூன்றாவது வரவில்லை.

மாடிக்காரர்தான் முதலில் பேசினார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை.

"தம்பி... அப்பா உன்னைத்தான் கூப்பிடறார்."