கிணற்றில் தண்ணீர் உள்ள வீடு

வறட்சி நிவாரணக் காசு நேரே வங்கிக்கு வருமென்று அறிவித்த மறுநாளே ஈச்சிலம்பற்றில் எல்லோரும் ஏழையாகிவிட்டார்கள். பதிவு அதிகாரியாக வீடு வீடாகப் போய், பொய்களையே கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

கடைசி வீடு பாக்கியரத்தினம் என்ற பெண்ணுடையது. வயல் கருகியது உண்மைதான். ஆனால் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாதிக்குத் தண்ணீர் கிடந்தது.

“தண்ணி இருக்கே, அம்மா!”

“இருக்குது சேர். ஆனா அது...”

“படிவத்தில ‘ஆனா’வுக்கு இடமில்லை. கிணத்தில தண்ணி இருந்தாக் காசு இல்லை.”

பெயரை வெட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“வெயிலுக்குள்ள வந்தனீங்கள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

பெயரை வெட்டியவனுக்கு உபசாரமா? எதற்கோ அடிபோடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே கோப்பையை வாங்கினேன். ஒரு மிடறுதான். அப்படியே முற்றத்தில் துப்பினேன்.

“சீ! சீனியெண்டு உப்பை அள்ளிப் போட்டிட்டீங்களோ?”

“சீனிதான் சேர், வீட்டில கிடந்த கடைசிக் கரண்டி. தண்ணிதான் நீங்கள் எழுதின கிணத்துத் தண்ணி. மழை இல்லாமக் கடல் உப்பு கிணத்துக்குள்ள வந்திட்டுது.”

நான் ஜீப்புக்கு ஓடி, தண்ணீர்ப் போத்தலை எடுத்து வாய் கொப்பளித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது, நான் வாய் வைத்த கோப்பையை அவள் ஒரே மூச்சில் குடித்து முடித்திருந்தாள்.

“சீனி போட்டது, சேர். கீழ ஊத்த மனம் வரேல்லை.”