எலும்புமேடு

ஒயர் கூடையிலிருந்து பிளாஸ்க்கையும் எவர்சில்வர் தட்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் பழைய சேலைத்துணியில் சுற்றியிருந்த பொருளைப் பச்சையம்மாள் இரு கைகளாலும் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"உங்களுக்குத்தான் டீச்சரம்மா. பிரிச்சிப் பாருங்க."

பேராசிரியர் சரிதா பிரித்தார்.

கல்மரத்தின் ஒரு துண்டு. முழங்கை நீளம் இருக்கும். பட்டையின் வெடிப்புகளும் ஒரு கணுவும் அப்படியே கல்லாகியிருந்தன. உடைந்த பக்கம் மட்டும் புதிதாக மின்னியது.

துய்மா வீதியிலுள்ள அந்தப் பழைய கட்டடத்தின் கூடத்தில், மறுநாள் தொடங்கவிருந்த கண்காட்சிக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பல்கலைக்கழகத்தின் நான்கு துறைகள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆய்வின் பகுதி அது. புதுச்சேரிக்கு மேற்கே, கடற்காற்று எட்டாத ஒரு செம்மண் மேட்டில், மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு ஆறு அடித்து வந்து போட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றை நாடறியச் செய்ய வேண்டும். அதனால் மேட்டை ஒட்டிய பச்சையம்மாளின் ஊருக்கும் ஒரு பிழைப்பு வர வேண்டும். நிலவியல் துறையிலிருந்து சரிதா. நாட்டார் வழக்காற்றியல் துறையிலிருந்து இராமதாஸ்.

அடுத்த மாதம் மேட்டைப் பார்வையிட மதிப்பீட்டுக் குழு வருகிறது. மரங்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தால் மேடு பாதுகாக்கப்படும். இடம்பெயர்ந்த கல்மரம் வெறும் கல். அது எத்திசை நோக்கிக் கிடந்தது, ஆறு எப்பக்கம் ஓடியது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

"இத எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எலும்புமேட்டுலதான். எம் மவன் கடப்பாறையால நெம்பிக் குடுத்தான். ஊருல எல்லாருமே ஆளுக்கொன்னு எடுத்தாந்துட்டோம். எங்க வாசப்படிக்கு நல்லா நீட்டமா ஒன்னு அமைஞ்சிது. தொவைக்கிற கல்லுக்கு வேற தனியா ஒன்னு."

எலும்புமேடு என்று ஊரார் பெயரிட்டது காரணமில்லாமல் இல்லை. முனீசுவரன் வெட்டிச் சாய்த்த அசுரனின் எலும்புகள் அவை என்பது நம்பிக்கை. ஒரு சில்லை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் அந்த வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுவார். ஆகையால் ஆடு மேய்ப்பவர்கள்கூட அங்கே கால் நீட்டி உட்கார்ந்ததில்லை.

சென்ற மாதம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரிதா பேசினார். அது எலும்பன்று, மரம். அசுரனும் இல்லை, சாபமும் இல்லை. சொன்னதோடு நில்லாமல், ஒரு துண்டை மார்போடு அணைத்துத் தூக்கியும் காட்டினார். ஊர் கைதட்டியது. முதல் ஆளாக எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தவர் பச்சையம்மாள்.

"நீங்க சொல்லித்தான் எங்க பயமே போச்சி டீச்சரம்மா. இத்தினி காலமா ஒரு மரக்கட்டைக்குப் போயி பயந்துகிட்டுக் கெடந்தோமேன்னு ஊரே சிரிப்பா சிரிக்குது."

ஏணிமேல் நின்று பதாகை கட்டிக்கொண்டிருந்த இராமதாஸ் கீழே பார்த்தார்.

"அசுரன் சம்பளம் வாங்காம காவல் காத்தான் மேடம். நாமதான் அவன வேலைய வுட்டு அனுப்பிட்டோம்."

சரிதா சிரிக்கவில்லை.

வேலி போட உத்தரவு வரவில்லை. காவலுக்கு ஆள் இல்லை. சட்டம், அபராதம் என்று பேசினால், எடுத்த கல்லெல்லாம் இரவோடிரவாக ஏதாவதொரு கிணற்றுக்குள் போய்விடும். மேட்டில் மிச்சமிருப்பவையாவது கிடந்த இடத்தில் கிடக்க வேண்டும்.

சரிதா சேலைத்துணியை இழுத்துக் கல்லை மூடினார். பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இத எடுத்தாந்ததுக்கு அப்புறம், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இராமதாஸின் கை நின்றது.



"மருமவளுக்குக் காய்ச்சல். கோரிமேட்டு ஆசுபத்திரியில சேத்திருக்கோம். நான்தான் கூட இருக்கேன். உங்கள ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு டவுன் பஸ்ஸு புடிச்சி வந்தேன்."

பச்சையம்மாள் மூடிய கல்லைப் பார்த்தார்.

"இது ரெண்டு நாளா அவ கட்டிலுக்கு அடியிலதான் இருந்திச்சி."

மழைக்காலம். நெல்லித்தோப்பில் சரிதாவின் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் அதே காய்ச்சலில் கிடந்தனர். கொசுவால் வருவது, கல்லால் அன்று. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

சரிதா அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

பச்சையம்மாளின் விரல்கள் கல்லைத் தீண்டாமல் துணியின் நுனிகளை மட்டும் பிடித்து முடிந்து, மூட்டையைக் கூடைக்குள் இறக்கின.

"நாந்தானே நெம்பச் சொன்னேன்" என்றார். அதை அவர் எவரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இனி அந்த மேட்டில் எவரும் கை வைக்கமாட்டார்கள். குழு வரும்வரை மட்டுமன்று, அதன் பிறகும்.

கூடையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி வாசல்வரை போன பச்சையம்மாள், நின்று திரும்பினார்.

"அப்ப அது மரம் இல்லியா, டீச்சரம்மா?"

இராமதாஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்து சரிதாவின் அருகில் நின்றார். விடைக்காக அவரும் காத்திருந்தார்.

சரிதா குனிந்து, மேசையில் உதிர்ந்திருந்த செம்மண்ணைக் கையால் கூட்டி அள்ளத் தொடங்கினார்.