சாயம் போகாத வம்சம்

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடில் இரண்டு கிருமிகள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தன. ஒன்று உருண்டை, இன்னொன்று குச்சி. எது எந்த ரகம் என்று பார்க்க ஆய்வக உதவியாளர் ஸ்டெல்லா ஊதாச் சாயத்தை ஊற்றினாள். இரண்டும் ஊதாவாகிவிட்டன.

"இதுக்கே குதிக்காதே," என்றது உருண்டை. "அடுத்து ஆல்கஹால் ஊத்துவாங்க. உங்க ஆளுங்களுக்கு அதிலேயே சாயம் போயிடும். அப்புறம் சிவப்புச் சாயம் ஊத்தினதும் நீ ரோஸ். எங்க சுவர் கெட்டி. நேத்து காலையிலிருந்து எழுபது தலைமுறை ஆச்சு, எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் சாயம் போனதில்ல."

"ரோஸ் ஆனா என்னங்க?" என்று கேட்டது குச்சி.

"அதை நாங்க நிறம்னே சொல்றதில்ல."

ஸ்டெல்லா ஆல்கஹால் ஊற்றினாள். சில நொடிகளில் கழுவிவிட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவள் அக்கா போன் செய்து, நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். அக்கா முடிப்பதற்குள் கெட்டிச் சுவரிலிருந்தும் ஊதா மொத்தமாக இறங்கிவிட்டது. பிறகு சிவப்புச் சாயம் விழுந்தது. இரண்டும் ஒரே ரோஸ்.

உருண்டை, ஸ்டெல்லா சரியான நேரத்தில் கழுவி வைத்திருந்த அடுத்த ஸ்லைடைக் கவனித்தது.

"அந்த ஊதாப் பயலுங்களுக்குத் திமிரைப் பாரு. நம்மளத் திரும்பிக்கூடப் பார்க்கல."

"முன்னால இருக்கற உருண்டைங்க உங்க தம்பிங்கதானே."

"தம்பியா? நம்ம குடும்பத்துல யாருக்கும் அந்த நிறம் கிடையாதுப்பா."