ஈரக்கை லைக்

குளத்து இணையக் குழுவில் காலையிலிருந்தே தவளைக்கும் நண்டுக்கும் சண்டை. போனுக்குத் தொடுதிரை உசத்தியா, பட்டன் உசத்தியா என்பதுதான் விஷயம்.

“அமுக்கினா அமுங்கினது தெரியணும் தம்பி. நீ கண்ணாடியைத் தடவிக்கிட்டே கிட” என்று எழுதியது நண்டு.

தவளைக்குச் சுருக்கென்றது. தொடுதிரைக் கட்சிக்கு அதுதான் தலைவர். மீன்குஞ்சுகள்கூட அதன் பதிலுக்குக் காத்திருந்தன. நறுக்கென்று நாலு வார்த்தை எழுதப்போனபோது ஈரவிரல் வழுக்கி, நண்டின் பதிவுக்கே லைக் விழுந்தது. அதை எடுக்கப்போய், நண்டு எழுதிய அத்தனைக்கும் வரிசையாக விழுந்தது.

மானம் போகிறதே என்று தவளை கரைக்குத் தாவியது. அங்கே நண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“அண்ணே, உங்க கை காய்ஞ்சிருக்கு. இந்த லைக்கையெல்லாம் எடுத்துவிடுங்களேன்!”

நண்டு கொடுக்கால் தட்டியது. டொக், டொக். திரை அசையவில்லை.

“என் கையைக் கையாவே மதிக்கலையேடா!” என்று நண்டு சிரித்தது. “இந்தா, என் போன்லயே மறுப்பு எழுதிக்கோ.”

தவளை ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, ஒரு பிழையும் இல்லாமல் எழுதி அனுப்பியது: “பட்டனெல்லாம் சும்மா. தொடுதிரைதான் உசத்தி!”

அது நண்டின் பெயரில் போய் விழுந்ததை இரண்டும் பிறகுதான் பார்த்தன.

சற்று நேரத்தில் ஆமை எழுதியது: “இப்பதான் முதல்லேர்ந்து படிச்சு முடிச்சேன். ரெண்டு பேரும் எப்போ கட்சி மாறினீங்க?”